பழைய காருக்கு உதிரிப் பாகம்

இயற்பியல் மாணவன் மோட்டார் பட்டறையைப் பற்றி எழுதுவதா என்று சிலர் வியக்கலாம். நான் பட்டறையிலிருந்து கல்லூரிக்கு வந்தவன். என் தந்தையார் முப்பது ஆண்டுகளாக மெக்கானிக் ஷெட் நடத்தி வருகிறார். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். எனக்குத் தெரிந்ததைத்தானே நான் எழுத முடியும்? ஆசிரியப் பெருமக்கள் பொறுத்தருள்க.

சென்ற ஆண்டு, ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் தம் ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரைப் பழைய பொலிவுக்குக் கொண்டுவர எங்களிடம் ஒப்படைத்தார். இது 1959இல் இங்கிலாந்தில் டிரையம்ப் ஹெரால்டு என்ற பெயரில் வந்த கார். உருவம் வரைந்தவர் இத்தாலியரான மிக்கெலாட்டி. 1961 முதல் சென்னையில் ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம் இதைத் தயாரித்தது. அந்த நிறுவனம் 1980களின் இறுதியில் கார் உற்பத்தியை நிறுத்திவிட்டது. ஆகவே, 'கம்பெனியில் கேள்' என்று சொல்வதற்குக் கம்பெனி இல்லை. புதுப்பேட்டையில் பழைய சாமான், ஜெனரல் பாட்டர்ஸ் சாலையில் புதுச் சாமான், இரண்டிலும் கிடைக்காவிட்டால் லேத் பட்டறை, இவையே வழி.

இங்கிலாந்திலிருந்து வரவழைக்கலாமே என்பார்கள். வரவழைக்கலாம். ஹெரால்டின் சேஸிஸைக் குறுக்கி அமைத்த ஸ்பிட்ஃபயர் கார் 1980 வரை அங்கே வெளிவந்ததால், இரண்டுக்கும் பொதுவான முன்சக்கரப் பாகங்கள் இன்றும் அங்கே செய்யப்படுகின்றன. ஆனால் எஞ்சின் விஷயத்தில் ஏமாந்துவிடக் கூடாது. இங்கிலாந்தில் 948 கன செ.மீ. எஞ்சின் பிறகு 1147 ஆகவும், 1296 ஆகவும் வளர்ந்தது. நம் நாட்டு ஹெரால்டு 948லேயே நின்றது. பிஸ்டன் ஓட்டம் எல்லாவற்றிலும் 76 மி.மீ.தான், உருளையின் விட்டம் மட்டும் வேறு. 63 மி.மீ. விட்டம் என்று வைத்து நான்கு உருளைக்கும் கன அளவைக் கணக்கிட்டுப் பாருங்கள், 948 வரும். 69.3 என்று வைத்தால் 1147 வரும். பெட்டியின் மேல் 'ஹெரால்டு பிஸ்டன்' என்று அச்சிட்டிருப்பதை நம்பாமல், வெர்னியரை வைத்து அளந்து வாங்குவதே முறை.

மரை விஷயமும் இப்படித்தான். இந்தக் காரின் போல்ட்டுகள் அங்குலக் கணக்கு. 5/16 அங்குல நுண்மரையில் அங்குலத்துக்கு 24 புரி. கடையில் இன்று எளிதில் கிடைக்கும் 8 மி.மீ. போல்ட்டில் ஏறத்தாழ 20 புரிதான். விட்டம் கிட்டத்தட்ட ஒன்றே ஆகையால் முதல் ஒரு சுற்று ஏறும். அதன்பின் ஸ்பானரை வைத்து முறுக்கினால் மரை போய்விடும். கையால் திருகி ஏறாத போல்ட்டை ஸ்பானர் தொடக் கூடாது என்பது தந்தையார் எனக்குப் பத்து வயதில் சொன்னது.

ரப்பரைப் பற்றி ஒரு வார்த்தை. நாற்பது ஆண்டுகளாகப் பெட்டி பிரியாத 'ஒரிஜினல்' பிரேக் வாஷர் கிடைத்தால் மகிழ வேண்டாம். ரப்பர் ஓடாமலே கிழடாகும் பொருள். வளைத்துப் பார்த்தால் முடியிழை போல வெடிப்புத் தெரியும்.

இனி எங்களுக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். ஹெரால்டின் முன்சக்கரத்தைத் தாங்குவது வெர்ட்டிகல் லிங்க் என்ற எஃகுத் தண்டு. அதன் அடிமுனை, ட்ரன்னியன் என்னும் பித்தளைக் கட்டைக்குள் மரையால் திருகப்பட்டிருக்கும். ஸ்டீயரிங்கைத் திருப்பும்போதெல்லாம் தண்டு அந்த மரையிலேயே சுழல்கிறது. இடப்பக்கத்துக்கு இடமரை, வலப்பக்கத்துக்கு வலமரை. எங்கள் காரின் இடப்பக்கத் தண்டு தேய்ந்திருந்தது. பழைய சாமான் கடை ஒன்றில், வண்ணம் பூசி, உள்ளே கிரீஸ் நிரப்பி, பளபளவென்று ஒரு ஜோடி கிடைத்தது. "நல்ல அயிட்டம் அண்ணே, கண்ணை மூடிக்கிட்டு மாட்டுங்க" என்றார் கடைக்காரர். அப்பாவும் மாட்டினார்.

தலைமையாசிரியரின் பேத்திக்குத் திருமணம். மறுநாள் காலை அந்தக் காரில்தான் பெண்ணை அழைத்து வருவதாக இருந்தது. முந்தைய மாலை, ஷெட் வாசலில் வண்டியைத் திருப்பும்போது, நடக்கும் வேகத்தில், இடச்சக்கரம் மடங்கிக் கீழே சாய்ந்தது. ஓட்டியவர் அப்பா. அடி எதுவும் இல்லை. அன்றிரவு அவர் சாப்பிடவில்லை.

உடைந்த தண்டை மண்ணெண்ணெயில் கழுவிப் பார்த்தோம். மரையின் பள்ளத்தில் துரு அரித்த குழிகள். கிரீஸ் அவற்றை மறைத்திருந்தது. அப்படிப்பட்ட பள்ளத்தில் தகைவு குவிகிறது. விரிசல் அங்கே தொடங்கி உள்ளே வளர்கிறது. உடைந்த முகத்தில் பாதி கறுத்தும் பாதி வெளுத்தும் இருந்தது. கறுத்த பாதி பழைய விரிசல்.

அதைவிடக் கடினமான செய்தி ஒன்று கையேட்டில் இருந்தது. ஆங்கிலத்தில் இருப்பதால் அப்பா அதைப் பிரித்ததில்லை. அந்த மரைக்குக் கிரீஸ் போடக் கூடாது, கெட்டியான கியர் எண்ணெய்தான் செலுத்த வேண்டும் என்று தெளிவாக எழுதியிருக்கிறது. கிரீஸ் மரைக்குள் முழுதும் பரவுவதில்லை, இறுகிப் போகிறது, நீர் புகுந்தால் துருதான். அப்பாவோ இத்தனை ஆண்டுகளும் எல்லா ஹெரால்டுக்கும் கிரீஸ் கன்னால் அடித்தவர். அதை அவருக்கு வாசித்துக் காட்ட இரண்டு நாள் எனக்குத் துணிவு வரவில்லை. மூன்றாம் நாள் வாசித்தேன். "இன்னொரு தடவை படி" என்றார். படித்தேன். வேறொன்றும் சொல்லவில்லை.

அடுத்த தண்டை வாங்கியபோது நான் உடன் சென்றேன். வண்ணத்தைச் சுரண்டி, மண்ணெண்ணெயில் ஊறவைத்து, நன்கு துடைத்து, சாக்பீஸ் தூளைக் குழைத்துப் பூசி உலரவிட்டோம். விரிசல் இருந்தால் நுண்புழை விசையால் அதற்குள் புகுந்த மண்ணெண்ணெய் வெளியே கசிந்து, வெள்ளைப் பூச்சில் ஈரக்கோடாகத் தெரியும். முதல் தண்டில் கோடு தெரிந்தது. இரண்டாவதிலும் தெரிந்தது. மூன்றாவதில் இல்லை. கடைக்காரர், "காலேஜ் பையனா?" என்று அப்பாவிடம் கேட்டார்.

கார் இப்போது ஓடுகிறது. திருமணத்துக்கு வாடகைக் கார்தான் போயிற்று. முன்கண்ணாடிக்குரிய ரப்பர் பீடிங் மட்டும் இன்னும் கிடைக்கவில்லை. ஷெட்டில் கிரீஸ் கன்னுக்குப் பக்கத்தில் தனியாக ஓர் எண்ணெய்க் கேன் தொங்குகிறது. அதன் மேல் அப்பா சாக்பீஸால் 'ஹெரால்டு' என்று எழுதி வைத்திருக்கிறார்.