இரவில் வண்டி ஓட்டும் முறை

அறுவடைக் காலம் வந்துவிட்டால் நமது கிராமச் சாலைகள் இரவிலும் ஓய்வதில்லை. கரும்பு ஏற்றிய டிராக்டர்கள் ஆலையை நோக்கிச் செல்கின்றன. நெல் மூட்டைகள் கொள்முதல் நிலையத்திற்குப் போகின்றன. பால்காரர் விடியுமுன்பே மோட்டார் சைக்கிளில் புறப்பட்டுவிடுகிறார். இச்சாலைகளில் ஒருவர்மீது ஒருவர் மோதினால், மோதியவரும் மோதப்பட்டவரும் பெரும்பாலும் நம் ஊராராகவே இருப்பர். ஆகவே இரவில் வண்டி ஓட்டும் முறையை யாவரும் அறிந்திருத்தல் அவசியம்.

விளக்கின் எல்லையே வேகத்தின் எல்லை

மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு விநாடியில் ஏறத்தாழ 17 மீட்டர் கடக்கிறது. தடையைக் கண்டு, உணர்ந்து, பிரேக்கில் கால் வைப்பதற்கே ஒன்றரை விநாடி ஆகலாம். அதற்குள் 25 மீட்டர் ஓடிவிடும். நல்ல பிரேக் உள்ள வண்டியும் உலர்ந்த சாலையில் நிற்பதற்கு மேலும் 20 மீட்டருக்கு மேல் வேண்டும். ஆக, மொத்தம் ஏறத்தாழ 50 மீட்டர். தாழ்த்திய விளக்கொளியிலோ, விளக்கில்லாமல் நிற்கும் கரும்பு வண்டி 30, 40 மீட்டருக்கு அப்பால் தெரிவது அரிது. கண்டபின் நிறுத்த இடமில்லை என்பது இதனால் விளங்கும். 40 கிலோமீட்டர் வேகமாயின் 30 மீட்டருக்குள் நிறுத்திவிடலாம். விளக்கு காட்டும் தூரத்திற்குள் நிறுத்தக்கூடிய வேகமே இரவுக்கேற்ற வேகம்.

எதிரே வண்டி வரும்போது நம் விளக்கைத் தாழ்த்த வேண்டும். எதிர்வண்டியின் ஒளி கண்ணைக் கூசச் செய்தால், அதனை நோக்காமல் சாலையின் இடது ஓரத்தை நோக்கி, வேகத்தைக் குறைத்துச் செல்க. கூசிய கண் தெளியச் சில விநாடிகள் ஆகும். முதியோருக்கு இன்னும் அதிகமாகும்.

மழையும் பனியும்

நெடுநாள் வெயிலுக்குப்பின் பெய்யும் முதல் மழையில், சாலையில் படிந்த எண்ணெயும் புழுதியும் கலந்து வழுக்கும். அப்போது வழக்கத்தினும் மெதுவாகச் சென்று, முன்வண்டிக்கும் நமக்கும் இடைவெளியை இருமடங்காக்குதல் நலம். மார்கழி, தை மாத மூடுபனியில் விளக்கை உயர்த்தினால் ஒளி பனித்துளிகளில் பட்டு நம் கண்ணுக்கே திரும்பிவரும். ஆதலின் தாழ்த்திய ஒளியே ஏற்றது. தரைப்பாலத்தின்மீது வெள்ளம் ஓடுமானால், ஆழம் சிறிதெனத் தோன்றினும் கடக்கலாகாது.

பிறர் கண்ணில் படுதல்

நாம் காண்பது பாதி. பிறர் நம்மைக் காண்பது மறுபாதி. டிராக்டர் டிரெய்லரின் முன்புறம் வெள்ளை, பக்கங்களில் மஞ்சள், பின்புறம் சிவப்பு நிற ஒளிபிரதிபலிப்புப் பட்டைகளை ஒட்டுக. மாட்டு வண்டியின் பின்புறத்திலும் சிவப்புப் பட்டை வேண்டும். சேறும் வைக்கோலும் அவற்றை மறைக்காதவாறு புறப்படுமுன் துடைத்தல் வேண்டும். கரும்புத் தோகை பின்விளக்கின்மேல் தொங்கலாகாது.

வண்டி பழுதுபட்டால் சாலையை விட்டு இறக்கி நிறுத்துக. இறக்க இயலாவிடின் விளக்கை எரியவிட்டு, எச்சரிக்கை முக்கோணத்தைப் பின்னால் தொலைவில் வைக்க. சிலர் கற்களை அடுக்கி வைத்துவிட்டு, பழுது நீங்கியதும் அவற்றை அங்கேயே விட்டுச் செல்கின்றனர். அக்கல் பின்வரும் ஒருவரின் உயிருக்கே உலையாகலாம்.

ஊராட்சியின் கடமை

சாலை விளக்குகளைப் பேணுவது, 1994ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டப்படி ஊராட்சியின் கடமையாகும். வளைவுகளிலும் சிறுபாலங்களிலும் சுண்ணாம்பு அடித்தல் சிறு செலவே. தானியத்தைச் சாலையில் உலர்த்துவோர்க்கு வேறு களம் இல்லாதிருக்கலாம். தடுப்பதோடு நில்லாமல், உலர்களம் அமைப்பதைக் கிராமசபையில் தீர்மானமாக்குதல் தக்கது.

விபத்து நேர்ந்தால் 108 எண்ணுக்கு உடனே தெரிவிக்க. மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019ஆம் ஆண்டு செய்யப்பட்ட திருத்தம், நல்லெண்ணத்துடன் உதவுவோர்க்குப் பாதுகாப்பு அளிக்கிறது. வழக்கு வருமோ என்றஞ்சி எவரும் விலகி நிற்க வேண்டுவதில்லை.

இன்று மாலை வண்டியைப் பூட்டுமுன் அதன் பின்புறம் சென்று ஒருமுறை பாருங்கள். இருட்டில் அது பிறர்க்குத் தெரியுமா? தெரியாதெனில், ஒரு பட்டை ஒட்டிய பின்னரே சாலைக்கு எடுங்கள்.