வண்டியைப் பிரிப்பதற்கு முன்

2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலின் மிச்சம் கிருஷ்ணகிரி மாவட்டத்தின் மேல் நின்று கொட்டித் தீர்த்தது. ஊத்தங்கரையில் 24 மணி நேரத்தில் சுமார் 50 செ.மீ. மழை. சாலையோரம் நிறுத்தியிருந்த கார்களையும் வேன்களையும் வெள்ளம் இழுத்துக்கொண்டு போனதைத் தமிழ்நாடே காணொளியில் பார்த்தது. வெள்ளம் எல்லா வண்டிக்கும் ஒன்றுதான். ஆனால் இதுபோன்ற பேரிடரில் பக்கத்துப் பக்கத்தில் நின்ற இரண்டு வேன்களில் ஒன்றுக்குக் கிளைம் முழுசாக வரும், இன்னொன்றுக்குப் பாதிகூட வராது. கம்பெனிக்காரன் ஏமாற்றிவிட்டான் என்று சொல்வது எளிது. சில நேரம் அது உண்மையும்கூட. ஆனாலும் கிளைமின் பெரும்பகுதி சர்வேயர் வருவதற்கு முன்பே, முதல் ஓரிரு நாளிலேயே, வண்டிக்காரர் கையிலேயே தீர்ந்துவிடுகிறது. சேதம் எவ்வளவு என்பதோடு விவகாரம் முடிவதில்லை. இந்தச் சேதம் இந்த நாளில் இந்தக் காரணத்தால் வந்தது என்று காட்ட முடிகிறதா என்பதுதான் கேள்வி. எனவே பதிவு, தகவல், சர்வே, பிரிப்பு, வேலை, பில் என்ற வரிசையை மாற்றக் கூடாது. வரிசை மாறினால் நல்ல சேதத்துக்கும் சான்று இல்லாமல் போகும்.

முதல் வேலை விபத்துக்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். ஓசூர் பக்கத்து டெம்போ டிராவலர்களில் பல, வாரநாளில் சிப்காட் கம்பெனிகளுக்கு ஷிப்ட் ஆள் ஏற்றி, சனி ஞாயிறில் ஏற்காட்டுக்கும் ஒகேனக்கலுக்கும் சுற்றுலா போகின்றன. இவற்றில் ஆறு பயணிகளுக்கு மேல் ஏற்றும் வண்டி பாலிசியின் கண்ணில் டாக்சி அல்ல, பஸ் வகை. அந்த வகைப் பாலிசியில் ஐ.எம்.டி. 21 என்ற நிபந்தனை வழக்கமாகவே ஒட்டிக்கொண்டு வரும். வண்டியே முழுசாகப் போனால் ஒழிய லைட், டயர், டியூப், மட்கார்டு, பானெட்டின் பக்கப் பகுதி, பம்பர், பெயின்ட் ஆகியவற்றுக்குப் பணம் இல்லை என்பது அதன் சாரம். முன்பக்கம் இடித்த வண்டியில் இவற்றைக் கழித்தால் மீதி என்ன இருக்கும்? கூடுதல் பிரீமியம் கட்டி ஐ.எம்.டி. 23 வாங்கியிருந்தால்தான் இந்தப் பாகங்கள் திரும்ப உள்ளே வரும். டிவி, இன்வெர்ட்டர், ஃபிரிட்ஜ் என்று பிறகு மாட்டிய மின்சாதனங்களுக்கு அவற்றின் மதிப்பைச் சொல்லி ஐ.எம்.டி. 24-இல் தனியாகச் சேர்க்க வேண்டும். பாலிசித் தாளில் இந்த எண்கள் இருக்கின்றனவா என்று இன்றே பார்க்கலாம், ஐந்து நிமிட வேலை.

வேனுக்குள் கட்டில், சமையல் மேடை, கழிப்பறை வைத்துக் கேரவனாக மாற்றியவர்களுக்கு ஒரு படி கூடுதல். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவின்படி தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பை இஷ்டத்துக்கு மாற்றக் கூடாது. கேரளாவிலிருந்து போன வழக்கில் உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் இதை அழுத்திச் சொன்னது. கேரவனுக்கென்று ஏ.ஐ.எஸ். 124 என்ற தரவிதி இருக்கிறது. அந்த வழியில் போய் ஆர்.சி.யில் ஏறிய மாற்றத்துக்குத்தான் கிளைமில் மதிப்பு. ஒயிட் போர்டு வண்டியை வாடகைக்கு ஓட்டுபவருக்கும் இங்கே ஒரு செய்தி உண்டு. அமலேந்து சாஹு வழக்கில் 2010-இல் உச்ச நீதிமன்றம், சொந்த வண்டியை வாடகைக்கு விட்டிருந்தாலும் கிளைமை முழுசாக மறுக்க வேண்டாம், 75 சதவீதம் கொடுக்கலாம் என்றது. இது ஆறுதல் பரிசுதான். கால் பங்கு போய்விடுகிறது, அந்த முக்கால் பங்குக்கும் நீதிமன்றம் ஏறி இறங்க வேண்டியிருக்கலாம்.

இனி விபத்து நடந்த இடம். ஆளுக்கு அடி இல்லை என்று உறுதியானதும் போனை எடுங்கள். முதல் படங்கள் தூரத்திலிருந்து: நான்கு மூலையிலிருந்தும் முழு வண்டி, நம்பர் பிளேட் தெரிய. அடுத்து இடம் தெரிய வேண்டும்: என்.எச். 44-இன் கிலோமீட்டர் கல், மேம்பாலத் தூணின் எண், கடைப் பலகை, சாலையில் டயர் இழுத்த தடம், சிதறிய கண்ணாடி. மோதிய வண்டியின் எண்ணும், அதன் எந்த உயரம் நம் வண்டியின் எந்த உயரத்தில் பட்டது என்பதும் ஒரே படத்தில் வந்தால் நல்லது. லாரியின் பின்பக்கக் கம்பி உயரமும் நம் வேனின் நசுங்கல் உயரமும் ஒத்துப்போகின்றனவா என்றுதான் சர்வேயர் முதலில் பார்ப்பார். கடைசியாகக் கிட்டத்துப் படங்கள். நசுங்கலுக்குப் பக்கத்தில் ஓர் அளவு டேப் பிடித்து எடுத்தால் ஆழம் தெரியும். புதுக் கீறலில் தகரம் வெள்ளையாகப் பளபளக்கும், எதிர் வண்டியின் பெயின்ட்டும் அங்கே ஒட்டியிருக்கும். நாலு நாள் கழித்து எடுத்தால் துரு ஏறி அதுவே பழைய அடிபோல் தெரியும். ஓடோமீட்டர், சேசிஸ் எண், டிரைவரின் லைசென்ஸ் ஆகியவற்றையும் அப்போதே எடுத்துவிடுங்கள். வாட்ஸ்அப்பில் போன படத்தில், எடுத்த நேரமும் இடமும் பெரும்பாலும் அழிந்துபோகும். அதனால் அசல் கோப்பை அழிக்காமல் வைத்திருங்கள். கிருஷ்ணகிரி சுங்கச்சாவடியைக் கடந்த ஃபாஸ்டேக் குறுஞ்செய்திகூட வண்டி அன்று அந்த வழியில் இருந்ததற்குச் சாட்சி.

எல்லை என்பதால் இங்கே ஒரு தனிச் சிக்கல். ஜூஜூவாடியைத் தாண்டிச் சில நிமிடத்தில் அத்திப்பள்ளி, மாநிலமே மாறிவிடும். விபத்து கர்நாடகப் பக்கம் நடந்தால் விசாரணையும் அந்தப் பக்கத்துக் காவல் நிலையத்துக்குத்தான் போகும். வண்டியை ஓசூருக்கு ஓட்டி வந்துவிட்டு இந்தப் பக்கம் நடந்ததாக எழுதிக் கொடுப்பது சிலருக்கு வசதியாகத் தோன்றலாம். படத்தில் உள்ள கன்னடப் பலகை அதைக் காட்டிக்கொடுக்கும், அதன்பின் உண்மையான சேதத்தையும் யாரும் நம்பமாட்டார்கள். 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 173-ஆம் பிரிவின்படி, குற்றம் எங்கே நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் தகவல் கொடுக்கலாம், அது உரிய நிலையத்துக்கு மாற்றப்படும். எனவே இடத்தை மாற்றிச் சொல்ல வேண்டிய தேவையே இல்லை. ஆளுக்கு அடி பட்டிருந்தால் எஃப்.ஐ.ஆர். கட்டாயம். வெறும் வண்டிச் சேதமென்றால் தமிழ்நாட்டில் பலநேரம் சி.எஸ்.ஆர். ரசீதோடு முடியும். கன்னடத்தில் வந்த எஃப்.ஐ.ஆருக்கு ஒரு மொழிபெயர்ப்பை நீங்களே இணைத்துவிட்டால் கோப்பு மேசையில் தூங்காது. சுற்றுலா பர்மிட், எஃப்.சி., வரி ரசீது எல்லாம் அன்றைய தேதியில் உயிரோடு இருந்ததற்கான நகலும் கூடவே போகட்டும்.

பயணிகளை வைத்துக்கொண்டு, பின்னால் ஹாரன் அடிக்கிறவர்கள் மத்தியில் இவ்வளவு படம் எடுக்க யாருக்கு நேரம் என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. நெடுஞ்சாலை நடுவே நின்று படம் எடுக்க யாரும் சொல்லவில்லை. போலீஸ் வண்டியை ஓரம் கட்டச் சொன்னால் கட்ட வேண்டியதுதான். அதற்கு முன் முப்பது விநாடி வீடியோ ஒன்று, வண்டியைச் சுற்றி நடந்தபடி எடுத்தால் போதும். மற்றதை ஓரத்தில் எடுக்கலாம். ஸ்பாட்டிலேயே மூவாயிரம் வாங்கிக்கொண்டு பேசி முடிப்பது இன்னொரு வழக்கம். அடி வெளிப்பக்கத் தகரத்தோடு நின்றிருந்தால் அதில் தவறில்லை. சேசிஸ் வளைந்ததும் ரேடியேட்டர் தாங்கி விரிசல் விட்டதும் பட்டறையில் பிரித்த பின்புதான் தெரியும். அப்போது எதிர் வண்டி சேலம் தாண்டியிருக்கும்.

வெள்ளத்தில் நின்ற வண்டிக்கு விதி ஒன்றே ஒன்று: சாவியைத் திருகாதீர்கள். காற்று வடிகட்டி வழியாகச் சிலிண்டருக்குள் தண்ணீர் போயிருந்தால், ஸ்டார்ட் செய்யும்போது பிஸ்டன் அழுத்த முடியாத தண்ணீரை அழுத்தப் போய் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். வெள்ளம் பாலிசியில் அடங்கும். ஆனால் ஸ்டார்ட் செய்ததால் உடைந்த எஞ்சினை விளைவுச் சேதம் என்று தனியாகப் பிரித்துக் கழிப்பார்கள். எஞ்சின் பாதுகாப்பு ஆட்-ஆன் இல்லாதவருக்கு அந்த வாதத்தை எதிர்ப்பது கடினம். தண்ணீர் வடிந்ததும் கழுவும் ஆசையையும் அடக்குங்கள். கதவிலும் சீட்டிலும் டேஷ்போர்டிலும் நிற்கும் சேற்றுக்கோடுதான் தண்ணீர் எவ்வளவு ஏறியது என்பதற்கான சான்று. டிப்ஸ்டிக்கை இழுத்து ஆயில் பால்போல் வெளுத்திருக்கிறதா என்று ஒரு படம், நனைந்த காற்று வடிகட்டிக்கு ஒரு படம். பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு, வண்டியைக் கட்டி இழுத்துத்தான் கொண்டுபோக வேண்டும். இழுவைக் கூலிக்குப் பஸ் வகைப் பாலிசியின் வழக்கமான உச்சவரம்பு 2,500 ரூபாய்தான். ரசீது இல்லாவிட்டால் அதுவும் இல்லை.

தகவலை அன்றே கொடுங்கள், ஏஜென்டிடம் மட்டும் சொல்லிவிட்டு இருக்காதீர்கள். ஏஜென்ட் பாலிசி விற்றவர், அவரிடம் சொன்னது கம்பெனிக்குச் சொன்னதாகிவிடாது. கட்டணமில்லா எண்ணில் அழைத்துக் கிளைம் எண் வாங்கி, அதே எண்ணைப் போட்டு ஒரு மின்னஞ்சலும் அனுப்புங்கள். தாமதம் ஒன்றையே காரணமாக்கி நேர்மையான கிளைமை இயந்திரத்தனமாக மறுக்கக் கூடாது என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2011 செப்டம்பரிலேயே சுற்றறிக்கை விட்டிருக்கிறது. அது இருக்கிறதே என்று தாமதிக்கலாமா என்றால், கூடாது. தாமதமான ஒவ்வொரு நாளும் இடையில் வேறெதுவும் நடந்திருக்கலாமே என்ற சந்தேகத்துக்கு இடம் கொடுக்கிறது. கம்பெனிக்கும் கெடு உண்டு. ஆணையத்தின் 2024 ஜூன் சுற்றறிக்கையின்படி 24 மணி நேரத்துக்குள் சர்வேயரை நியமிக்க வேண்டும், 15 நாளில் அறிக்கை வர வேண்டும், அதன்பின் 7 நாளில் முடிவு சொல்ல வேண்டும். அடி பெரிது என்றால் ஸ்பாட் சர்வே முடியும்வரை வண்டியை நகர்த்த வேண்டாம். நகர்த்தியே ஆக வேண்டுமென்றால் யார் சொல்லி நகர்த்தினீர்கள் என்பதை மின்னஞ்சலில் எழுதிவையுங்கள்.

பட்டறை இரண்டாவது களம். ஓசூரில் அசோக் லேலண்டும் டிவிஎஸ்ஸும் அவற்றைச் சுற்றிய சிறு ஆலைகளும் வளர்த்த கைத்திறன் சாதாரணமானதல்ல. டிங்கரிங், ஃபேப்ரிகேஷன், ஃபைபர் மோல்டிங், லேத் எல்லாம் கூப்பிடு தூரத்தில் கிடைக்கும். குறை வேலையில் இல்லை, பில்லில் இருக்கிறது. "பாடி வேலை மொத்தம் 85,000" என்று ஒரே வரியில் துண்டுச் சீட்டு கொடுக்கும் பட்டறைக்காரர் நல்ல வேலைக்காரராக இருக்கலாம். ஆனால் சர்வேயர் தேய்மானத்தைப் பொருள்வாரியாகத்தான் கழிப்பார்: ரப்பர், பிளாஸ்டிக், பேட்டரிக்கு 50 சதவீதம், ஃபைபருக்கு 30, கண்ணாடிக்குக் கழிவே இல்லை, மற்ற உலோகப் பாகங்களுக்கு வண்டியின் வயதைப் பொறுத்து. மூன்றிலிருந்து நான்கு வயதுக்குள் இருக்கும் வண்டி என்றால் 25. அந்த 85,000-ஐயே தகரம் 40,000, ஃபைபர் கதவு 20,000, டேஷ்போர்டு பிளாஸ்டிக் 10,000, கண்ணாடி 15,000 என்று பிரித்து எழுதினால் 30,000, 14,000, 5,000, 15,000 ஆகி 64,000 தேறும். பிரிக்காவிட்டால் எது பிளாஸ்டிக், எது கண்ணாடி என்று அவரே முடிவு செய்வார், பெரும்பாலும் உங்களுக்குச் சாதகமாக அல்ல. பாகம் தனி, கூலி தனி என்றும் இருக்க வேண்டும், ஏனென்றால் கூலிக்குத் தேய்மானம் கிடையாது. பெயின்ட்டில் மட்டும் ஒரு விதிவிலக்கு: சேர்த்தே பில் போட்டாலும் கால் பங்கைப் பொருளாக எடுத்து அதில் பாதியைக் கழிப்பதுதான் வழக்கம். 40,000 பெயின்ட் பில்லில் போவது 5,000.

எனவே பட்டறையில் முதலில் கேட்க வேண்டியது எஸ்டிமேட், ஸ்பேனரைத் தொடுவது பிறகு. சர்வேயர் பார்த்த பிறகே பிரிக்கச் சொல்லுங்கள். பிரிக்கும்போது புதிதாக ஒரு சேதம் தென்பட்டால் அங்கேயே கையை நிறுத்தி, படம் எடுத்து, கூடுதல் எஸ்டிமேட் அனுப்பி, ஒப்புதல் வந்ததும் தொடர வேண்டும். வேலை முடிந்தபின் சொல்லும் உள்சேதத்தை யாரும் ஏற்பதில்லை. கழற்றிய பழைய பாகங்களைக் காயலான் கடைக்குப் போட்டுவிடாதீர்கள். மறு ஆய்வுக்கு வரும்போது அவை அங்கே இருக்க வேண்டும். அவற்றின் மதிப்பு எப்படியும் கிளைமில் கழியும். செலவு ஐ.டி.வி.யில், அதாவது பாலிசியில் போட்டிருக்கும் வண்டி மதிப்பில், 75 சதவீதத்தைத் தாண்டும்போல் தெரிந்தால் வேலையைத் தொடங்கவே வேண்டாம். அது முழு இழப்புக் கணக்கு, பேச்சே வேறு.

சர்வேயர் கம்பெனி ஆள், எத்தனை படம் காட்டினாலும் குறைத்துத்தானே எழுதுவார் என்ற சலிப்பு பரவலாக உண்டு. சம்பளம் யார் கொடுக்கிறார்கள் என்று பார்த்தால் அதில் நியாயமும் இருக்கிறது. ஆனால் அவர் எழுதியது முடிந்த முடிவல்ல. நியூ இந்தியா அஷ்யூரன்ஸுக்கும் பிரதீப் குமார் என்பவருக்கும் நடந்த வழக்கில் 2009-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது அதைத்தான்: அறிக்கை கணக்குக்கு அடிப்படையாகலாம், ஆனால் அது யாரையும் கட்டுப்படுத்தாது. அதை அசைக்க உங்கள் பக்கம் வேறு சான்று வேண்டுமே! சாலையில் எடுத்த படமும் பிரித்து எழுதிய பில்லும் அங்கேதான் கைகொடுக்கும்.

சிறு அடிக்கெல்லாம் கிளைம் போட்டால் நோ கிளைம் போனஸ் போய்விடுமே என்பது கணக்குப் பார்ப்பவர்களின் வாதம், சரியான வாதமும்கூட. 20 சதவீதத்தில் தொடங்கி 50 வரை ஏறும் சலுகையை நாலாயிரம் ரூபாய்ப் பம்பருக்காக விடக் கூடாது. அந்த அடியைக் கைக்காசில் சரிசெய்தாலும் முன்னும் பின்னும் படமும் ரசீதும் வைத்திருங்கள். அடுத்த பெரிய விபத்தில் இது பழைய அடி என்ற வாதம் எழுந்தால் அந்த ரசீதுதான் பதில்.

மறுத்தாலோ குறைத்தாலோ முதலில் சர்வே அறிக்கையின் நகலை எழுத்தில் கேளுங்கள். கம்பெனியின் குறைதீர் பிரிவுக்கு எழுதி ஒரு மாதம் ஆகியும் பதில் இல்லை, அல்லது வந்த பதில் திருப்தி இல்லை என்றால், ஓராண்டுக்குள் சென்னையிலுள்ள காப்பீட்டு ஓம்புட்ஸ்மேனிடம் போகலாம். கட்டணம் இல்லை, 50 லட்சம் வரை உத்தரவிடும் அதிகாரம் அவருக்கு உண்டு. நுகர்வோர் ஆணையம் என்றால் இரண்டு ஆண்டு அவகாசம். கம்பெனி அலுவலகம் பெங்களூரில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் கிருஷ்ணகிரி மாவட்டத்திலேயே மனுப்போட 2019-ஆம் ஆண்டுச் சட்டம் இடம் தருகிறது. இதற்கிடையே குறைந்த தொகைக்கு ஒரு வவுச்சரை நீட்டி, முழு தீர்வாகப் பெற்றுக்கொண்டேன் என்று கையெழுத்து கேட்பார்கள். தவணை கழுத்தை நெரிக்கும்போது பணத்தை வாங்கத்தான் வேண்டியிருக்கும். வாங்குங்கள். கையெழுத்துக்கு மேலே, எதிர்ப்புடன் பெறுகிறேன், மீதித் தொகைக்கான உரிமையை விடவில்லை என்று சொந்தக் கையால் எழுதி, அந்தத் தாளையும் கொடுப்பதற்கு முன் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.