சுவாச இயந்திரக் குழாயில் தண்ணீர்: காரணமும் பரிகாரமும்



நம்மில் பலர் விடியுமுன் கடை திறந்து, இரவு வெகுநேரம் கழித்துக் கல்லாவைப் பூட்டுகிறவர்கள். பகலில் கல்லாவிலேயே கண் சொருகினால், உழைத்த களைப்பு என்று சொல்லிக்கொள்கிறோம். இரவில் குறட்டை விட்டால், அசந்து தூங்குகிறார் என்று வீட்டார் நினைக்கிறார்கள். இவ்விரண்டும் சேர்ந்திருந்தால் அது வெறும் களைப்பாக இராமல், தூக்கத்தில் தொண்டை அடைபட்டு மூச்சு நின்று நின்று வரும் நோயாகவும் இருக்கலாம். இதைக் கவனியாது விட்டால் இரத்த அழுத்தம் ஏறக்கூடும். வண்டி ஓட்டும்போது கண் மூடிவிடும்.

இந்நோய்க்கு வைத்தியர்கள் கொடுக்கும் சாதனம் ‘சீபாப்’ என்னும் இயந்திரம். ஆஸ்திரேலியாவில் சிட்னி நகரத்து டாக்டர் காலின் சல்லிவனும் அவருடைய கூட்டாளிகளும் 1981-ஆம் ஆண்டு இம்முறையை உலகுக்கு அறிவித்தார்கள். இயந்திரம் காற்றை அழுத்தத்தோடு குழாய் வழியாக முகமூடிக்குள் செலுத்தி, தொண்டை அடைபடாமல் காக்கிறது. மூக்கு வறண்டுவிடாதிருக்க ஒரு தண்ணீர்த் தொட்டியும் அதனோடு உண்டு. அத்தண்ணீரை இளஞ்சூடாக்கிக் காற்றுக்கு ஈரம் ஊட்டுகிறார்கள்.

நாமும் இவ்வியந்திரத்தை உபயோகிக்கிறவர்களே. வாங்கிய மூன்றாம் இரவு, சுமார் இரண்டு மணிக்குக் குழாயில் களகளவென்று சப்தம் கேட்டது. திரும்பிப் படுத்தவுடன் சில்லென்ற தண்ணீர் மூக்கில் அடித்தது. இயந்திரம் கெட்டுவிட்டது என்று நாமே தீர்ப்புச் சொல்லி, அதைப் பெட்டியில் வைத்து மூடிவிட்டோம். எட்டாம் நாள், சரக்கேற்றிய வேனைச் சிவப்பு விளக்கில் நிறுத்தியபடியே உறங்கிவிட்டோம். பின்னால் நின்ற லாரி ஹாரன் அடித்த பிறகே கண் திறந்தோம். பக்கத்தில் அமர்ந்திருந்த நம் மகன் ஒன்றும் பேசவில்லை. கடை வந்து சேர்ந்ததும் சாவியை எடுத்துத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

நம் கடைக்கு ஏர்கான் பழுது பார்க்க வரும் தம்பியிடம் இந்தச் சங்கதியைச் சொன்னோம். அவர் குளிர்ப்பெட்டியிலிருந்து ஒரு சோடா பாட்டிலை எடுத்து மேசை மேல் வைத்தார். சற்று நேரத்தில் பாட்டில் வியர்த்தது.

“நானா, இந்தப் பாட்டில் ஓட்டையா?” என்றார்.

“இல்லையே, தம்பி.”

“பிறகு வெளியே தண்ணீர் எப்படி வந்தது? காற்றிலிருந்த ஈரம் குளிர்ந்த கண்ணாடியில் பட்டுத் தண்ணீராயிற்று. உங்கள் குழாயில் அது உட்பக்கம் நடக்கிறது. அவ்வளவுதான்.”

விஷயம் விளங்கிவிட்டது. 30 டிகிரி சூட்டில் ஒரு கன மீட்டர் காற்று சுமார் 30 கிராம் ஈரத்தைத் தாங்கும். 20 டிகிரிக்குக் குளிர்ந்தால் சுமார் 17 கிராம்தான் தாங்கும். மிச்சம் தண்ணீராகிக் குழாயில் இறங்கியே தீரும். நாமோ ஏர்கானை 19-இல் வைத்து, தொட்டியின் ஈர அளவையும் உச்சத்தில் வைத்திருந்தோம். மேலும், நாம் விடும் மூச்சும் வெதுவெதுப்பும் ஈரமும் உள்ளதே. அது குளிர்ந்த முகமூடியில் பட்டாலும் துளித்துளியாய்ப் படியும்.

ஆகவே செய்ய வேண்டியவை:

1. ஏர்கானை 25 டிகிரி அளவில் வையுங்கள். அதன் காற்று முகத்திலோ குழாயிலோ நேராகப் படலாகாது.

2. ஈர அளவை ஒவ்வொரு படியாகக் குறையுங்கள். மூக்கு வறண்டால் ஒரு படி ஏற்றுங்கள். விசிறி மட்டும் ஓடும் அறையில் நம் நாட்டுக் காற்றிலேயே ஈரம் மிகுதி. அங்கே குறைந்த அளவே போதுமாகலாம்.

3. குழாய்க்குத் துணியுறை போடுங்கள், அல்லது அதைப் போர்வைக்குள் விட்டுக்கொள்ளுங்கள். முகமூடியிலுள்ள சிறு துவாரங்கள் வெளிமூச்சு போகும் வழி. அவற்றை மட்டும் மூடிவிடாதீர்கள்.

4. இயந்திரத்தைத் தலைமட்டத்துக்குக் கீழே ஒரு சிறு முக்காலியில் வையுங்கள். தண்ணீர் முகத்துக்கு வராமல் தொட்டிப் பக்கம் வடியும். தொட்டியில் தண்ணீர் இருக்கும்போது இயந்திரத்தைச் சாய்க்காதீர்கள்.

5. இவற்றாலும் தீராவிட்டால், உள்ளே கம்பி ஓடிச் சூடாகும் குழாய் விற்கிறார்கள். உங்கள் இயந்திரத்துக்குப் பொருந்துமா என்று கேட்டு வாங்குங்கள்.

6. தொட்டிக்குக் காய்ச்சி வடித்த தண்ணீரே நல்லது. மிச்சத்தைக் காலையில் கொட்டிவிடுங்கள். குழாயை வாரம் ஒருமுறை மென்மையான சோப்பு நீரில் கழுவி, நிழலில் தொங்கவிட்டு உலர்த்துங்கள். தேங்கிய ஈரத்தில் பூஞ்சையும் கிருமியும் வளரும்.

காற்றின் அழுத்த அளவை மட்டும் வைத்தியரைக் கேளாமல் மாற்ற வேண்டாம்.

தராசுத் தட்டில் ஈரம் பட்டால் துடைத்துவிட்டு நிறுக்கிறோமே ஒழிய, தராசைத் தெருவில் எறிவதில்லை. பெட்டியில் மூடி வைத்த இயந்திரம் எவ்வளவு விலையுயர்ந்ததாயினும் யாருக்கும் பயனில்லை. ஈர அளவையும் ஏர்கானையும் சரி செய்த பின் நம் குழாயில் தண்ணீர் சேரவில்லை. பகல் தூக்கமும் விலகியது. இரண்டு மாதம் கழித்து ஒரு காலை, நம் மகன் தானாகவே வேன் சாவியைக் கல்லா மேல் கொண்டு வந்து வைத்தான்.