கார் ஓவர்ஹீட் ஆச்சா? இன்ஜினைப் பிரிக்கச் சொல்றதுக்கு முன்னாடி இந்த 6 செக் பண்ணுங்க



போன மே மாசம் குடும்பத்தோட திருச்சி போயிட்டு இருந்தோம். உளுந்தூர்பேட்டை பக்கம் டோல்கேட் வரிசையில் நிக்கும்போது டெம்பரேச்சர் முள் சிவப்புக்கு ஏறிடுச்சு. பக்கத்து ஒர்க்‌ஷாப்ல பானட்டைத் திறந்த உடனே சொன்னது: "ஹெட் கேஸ்கெட் போச்சு சார், இறக்கிடலாம். 45 ஆயிரம் ஆகும்."

எங்க எமர்ஜென்சி ஃபண்ட்ல பாதி அது. "முதல்ல டெஸ்ட் பண்ணிப் பார்க்கலாம் அண்ணே"ன்னு சொன்னேன். கடைசியில் போனது ரேடியேட்டர் ஃபேன் மோட்டார் மட்டும்தான். மொத்த செலவு 6,200 ரூபாய்.

அதுக்காக மெக்கானிக் எல்லாரும் ஏமாத்துறாங்கன்னு நான் சொல்லல. பல நேரம் ஹெட் நிஜமாவே போயிருக்கும். ஆனா டெஸ்ட் ரிசல்ட் இல்லாம பெரிய செலவுக்குத் தலையாட்டக் கூடாது.

முதல்ல: வண்டியை நிறுத்துங்க

முள் சிவப்புக்குப் போனதும் ஓரம்கட்டி இன்ஜினை ஆஃப் பண்ணுங்க. "இன்னும் 5 கிலோமீட்டர்தானே"ன்னு ஓட்டினா, சின்ன ரிப்பேர் பெரிய ரிப்பேரா மாறிடும். சூடா இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீங்க, கொதிக்கிற தண்ணி முகத்துல அடிக்கும். பச்சைத் தண்ணியும் ஊத்தாதீங்க, ஹெட்டுல விரிசல் விடலாம். நல்லா ஆறட்டும்.

காசு செலவில்லாத 3 செக்

1. கூலன்ட்: லெவல் குறைஞ்சிருக்கா? ஹோஸ், ரேடியேட்டர், வாட்டர் பம்ப்ல கசிவு இருக்கா? எப்போ சூடாச்சுன்னும் யோசிங்க. நிக்கும்போது ஏறி, ஓடும்போது இறங்கினா ஃபேன் மேல சந்தேகம். வேகமா ஓடும்போதே ஏறினா கூலன்ட் குறைவு, தெர்மோஸ்டாட், ரேடியேட்டர் அடைப்பு, வாட்டர் பம்ப்.

2. ஆயில்: டிப்ஸ்டிக்கை எடுத்துப் பாருங்க. பால் கலந்த காபி மாதிரி இருந்தா ஆயில்ல கூலன்ட் கலந்திருக்கு. அப்புறம் ஸ்டார்ட் பண்ணவே கூடாது. ஆயில் மூடியின் அடியில் மட்டும் லேசா வெள்ளை படிஞ்சிருந்தா அது வெறும் ஈரமாவும் இருக்கலாம்.

3. ஸ்டார்ட் பண்ணிப் பார்ப்பது: ஆயில் சுத்தமா இருந்து, கூலன்ட் நிரப்பின பிறகு மட்டும். சூடான பிறகும் இனிப்பு வாடையோட வெள்ளைப் புகை நிக்காம வருதா? கூலன்ட் டேங்க்ல விடாம குமிழி வருதா? ஐடிலிங்ல குலுக்குதா? இருந்தா ஹெட் கேஸ்கெட் மேல சந்தேகம் பலமாகுது.

மெக்கானிக்கிட்ட கேட்க வேண்டிய 3 டெஸ்ட்

4. பிரஷர் டெஸ்ட்: ஆறின இன்ஜின்ல, ரேடியேட்டர் மூடியில் குறிச்சிருக்கிற அளவுக்குக் காற்றழுத்தம் ஏத்துவாங்க. வெளியே கசிவே தெரியாம அழுத்தம் இறங்கினா, உள்ளே கசியலாம்.

5. பிளாக் டெஸ்ட்: கூலன்ட்ல எரிவாயுப் புகை கலந்திருக்கான்னு பார்க்கும் நீல நிறத் திரவம். பெட்ரோல் வண்டியில் மஞ்சளாகவும் டீசலில் பச்சையாகவும் மாறினா, புகை கலக்குதுன்னு அர்த்தம்.

6. கம்ப்ரஷன் டெஸ்ட்: ஒவ்வொரு சிலிண்டர் ரீடிங்கையும் எழுதி வாங்குங்க. சிலிண்டர்களுக்குள்ள 10–15 சதவீதத்துக்கு மேல வித்தியாசம் இருந்தா பிரச்சினை. பக்கத்து பக்கத்து ரெண்டு சிலிண்டர் குறைவா இருந்தா, நடுவுல கேஸ்கெட் போயிருக்க வாய்ப்பு அதிகம்.

இதெல்லாம் ஃபெயில் ஆனா ஹெட்டை இறக்குறது நியாயம்தான். ஆனா வெறும் கேஸ்கெட் மட்டும் மாத்தி மூட விடாதீங்க. லேத்துக்கு அனுப்பி ஹெட் வளைஞ்சிருக்கா, விரிசல் இருக்கான்னு பார்க்கணும், தேவைப்பட்டா ஃபேஸிங் பண்ணணும். சூடாகக் காரணமான பார்ட்டையும் சேர்த்து மாத்தணும். இல்லன்னா அதே பில் மறுபடி வரும்.

இன்சூரன்ஸ் தருமா?

பெரும்பாலும் தராது. சாதாரண ஓன் டேமேஜ் பாலிசியில் மெக்கானிக்கல் பிரேக்டவுன் கவர் ஆகாது. இன்ஜின் ப்ரொடெக்ட் ஆட்-ஆன் பொதுவா தண்ணி உள்ளே போறது, அடியில் அடிபட்டு ஆயில் ஒழுகுறது மாதிரி விஷயங்களுக்குத்தான். ஆனா ரோட்சைடு அசிஸ்டன்ஸ் இருந்தா டோயிங் கிடைக்கும். தயங்காம கூப்பிடுங்க.

ரிப்பேரா, விற்பனையா?

உதாரணக் கணக்கு: நல்லா ஓடுற நிலையில் உங்க கார் 2,20,000 போகும். இப்ப இருக்கிற நிலையில், குறையைச் சொல்லி வித்தா 1,50,000. வித்தியாசம் 70,000. ரிப்பேர் 45,000 ஆனா பண்ணலாம். 80,000 கேட்டா, அப்படியே வித்துடுறது லாபம்.

எதுவா இருந்தாலும், டெஸ்ட் ரிசல்ட்டும் எஸ்டிமேட்டும் பேப்பர்ல கைக்கு வந்த பிறகு "சரி" சொல்லுங்க. உங்க வண்டி ஓவர்ஹீட் ஆனப்போ என்ன செலவாச்சு? கமெண்ட்ல சொல்லுங்க, அடுத்தவங்களுக்கு உதவும்.