எந்த சாக்கெட்டில் மோடம் சொருகுவது?

இண்டர்காம் வைத்த ஆபீஸில் மோடம், ஃபேக்ஸ், லேண்ட்லைனில் ஓடும் ஸ்வைப் மிஷின், அலாரம் பேனல் எதைப் பொருத்தப் போனாலும் முதலில் கேட்கிற கேள்வி இதுதான். சுவரில் பார்த்தால் எல்லாமே ஆர்ஜே-11. பின்னால் வருவது எக்ஸ்சேஞ்சிலிருந்து நேராக வரும் லைனாக இருக்கலாம். இண்டர்காமை நடத்தும் இபிஏபிஎக்ஸ் பெட்டியின் சாதாரண எக்ஸ்டென்ஷனாக இருக்கலாம். வரிசையாகப் பட்டன் வைத்த டிஜிட்டல் கீ போனுக்கான போர்ட்டாகவும் இருக்கலாம்.

கடைசியாகச் சொன்னதில் மோடத்தைச் சொருகவே கூடாது. அந்த ஒயரில் பேச்சு பிட்டுகளாகத்தான் போகிறது. மோடத்துக்கு டயல் டோன்கூடக் கேட்காது. அதோடு போனால் பரவாயில்லை, சில சிஸ்டங்களில் மோடம் தாங்காத அளவுக்குக் கரண்டும் வரும். ஒரு வக்கீல் ஆபீஸில் கீ போனைக் கழற்றிவிட்டு அதே ஒயரை லேப்டாப்பில் மாட்டிவிட்டார்கள். நான் போனபோது லேப்டாப் ஓடிக்கொண்டிருந்தது, உள்ளிருந்த மோடம் மட்டும் போயிருந்தது. அன்றிலிருந்து என் பையில் ஒரு சாதாரண பட்டன் போன் கிடக்கிறது. அதை மாட்டி டயல் டோன் கேட்டு, வெளியே ஒரு கால் போட்டுப் பேச முடிந்தால்தான் மோடத்தை எடுப்பேன்.

என்னைக் கேட்டால், வழி இருக்கிறவர்கள் மோடத்துக்குத் தனி லைன் கொடுத்துவிடுவதே நல்லது. இபிஏபிஎக்ஸுக்குள் போகும் முன், ஒயர் ஜோடிகள் வந்து சேரும் க்ரோன் மாட்யூலிலேயே ஒரு ஜோடியைப் பிரித்து எடுத்துவிடலாம். மாத வாடகை கூடும்தான். ஆனால் செம்புக்கம்பி லைனுக்கு 48 வோல்ட் எக்ஸ்சேஞ்சிலிருந்தே வருகிறது. கரண்ட் போய் இபிஏபிஎக்ஸ் அணைந்தாலும், பேட்டரி உள்ள அலாரம் பேனல் கால் போட்டுவிடும். வேகத்திலும் லாபம் உண்டு. 56 கே தரும் வி.90 முறைக்கு, சர்வரிலிருந்து உங்கள் மோடம் வரும் வழியில் டிஜிட்டல் ஒரே ஒரு தடவைதான் அனலாக் ஆக வேண்டும். அனலாக் வெளி லைனை வாங்கும் டிஜிட்டல் இபிஏபிஎக்ஸ் அதை மறுபடி டிஜிட்டலாக்கி மறுபடி அனலாக் ஆக்குகிறது. அந்த எக்ஸ்டென்ஷனில் 33.6 கே-க்கு மேல் எதிர்பார்க்காதீர்கள். வெளி லைன் 30 சேனல் டிஜிட்டல் பிஆர்ஐ என்றால் இந்தக் குறை இல்லை.

தனி லைனுக்கு வழியில்லையா, அனலாக் எக்ஸ்டென்ஷன் போதும். நாலு வரி டேட்டா அனுப்பும் ஸ்வைப் மிஷினுக்கு வேகம் ஒரு பொருட்டே அல்ல. இங்கே காலை வாரிவிடுவது சின்னச் சின்ன செட்டிங்குகள்தான். வெளி லைன் எடுக்க 0 அழுத்த வேண்டும் என்றால், நம்பருக்கு முன்னால் 0 போட்டு ஒரு கமா வையுங்கள். பெரும்பாலான மோடங்களில் ஒரு கமாவுக்கு 2 விநாடி. இபிஏபிஎக்ஸின் டயல் டோன் எக்ஸ்சேஞ்சுடையது மாதிரி இருக்காது. ‘நோ டயல்டோன்’ என்று மோடம் அடம்பிடித்தால் ஏடிஎக்ஸ்3 கட்டளை கொடுங்கள், டோனுக்குக் காத்திராமல் டயல் செய்யும். அந்த எக்ஸ்டென்ஷனில் கால் வெயிட்டிங் பீப்பையும், நடுவில் புகுந்து பேசும் வசதியையும் நிறுத்தச் சொல்லுங்கள். ஒரு பீப் போதும், இணைப்பு அறுந்துவிடும்.

ஐபி இபிஏபிஎக்ஸ், அதில் அனலாக் கருவியை மாட்ட ஏடிஏ பெட்டி என்று இருக்கும் இடத்தில் நான் மோடத்தைச் சிபாரிசு செய்வதில்லை. கட்டாயம் என்றால் ஜி.711 கோடெக் வைத்து ஓட்டிப் பார்க்கலாம், ஜி.729-ல் மோடம் சத்தம் உருக்குலைந்துவிடும். ஃபேக்ஸ் மட்டும் டி.38 இருந்தால் தேறும். ஸ்வைப் மிஷினுக்கு இவ்வளவு பாடு எதற்கு, சிம் போட்டது வாங்கிவிடுங்கள்.

லாட்ஜ்காரர்கள் கேட்பது வேறு: எந்த ரூமிலிருந்து எவ்வளவு கால் போனது என்று கம்ப்யூட்டரில் பார்க்க வேண்டும். அதற்கு மோடமும் வேண்டாம், போன் லைனும் வேண்டாம். இபிஏபிஎக்ஸில் கால் விவரம் தரும் எஸ்எம்டிஆர் போர்ட்டிலிருந்து ஒரு ஆர்எஸ்-232 கேபிள், இரண்டு பக்கமும் ஒரே பாட் ரேட், அவ்வளவுதான்.

எதை மாட்டினாலும் க்ரோனில் அந்த ஜோடிக்கு மேல் ‘மோடம்’ என்று எழுதி ஒட்டிவிட்டு வாருங்கள். அடுத்து வரும் லைன்மேன் காலியான ஜோடி என்று நினைத்துப் பிடுங்கிவிடுவார்.