வயலுக்கு உதவும் காலி அலைவரிசை

மண் ஈரத்தை அளக்கும் சென்சாரைத் தோட்டத்தில் நட்டுவிட்டால் மட்டும் போதாது. அது அளந்த கணக்கு வீட்டுக்கு வந்து சேர வேண்டும். வீட்டு வைஃபை அலை தோட்டத்தின் கடைசி வரப்பு வரை எட்டுவதில்லை. கரும்பும் வாழையும் குறுக்கே அடர்ந்து நின்றால் இன்னும் சிரமம்.

இதற்குத் தொலைக்காட்சி அலைவரிசை மிகவும் ஏற்றது. இந்த அலைகள் நெடுந்தொலைவு செல்லும். இலை தழைகளையும் எளிதாகக் கடக்கும். இவற்றில் பெரும்பகுதி ஒளிபரப்பின்றிச் சும்மா கிடக்கிறது. 470 முதல் 590 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள 15 தடங்களில், இந்தியாவின் எப்பகுதியிலும் குறைந்தது 12 தடங்கள் காலியாக இருப்பதாக மும்பை ஐ.ஐ.டி. ஆய்வாளர்கள் 2014-ல் கணக்கிட்டுக் காட்டினர்.

அமெரிக்காவில் இத்தகைய காலித் தடங்களைப் பகிர்ந்துகொள்ள 2008-லேயே விதி வகுக்கப்பட்டது. முறைக்காரர் பாய்ச்சாத நேரத்தில் பக்கத்து நிலத்துக்காரர் வாய்க்கால் நீரைத் திருப்பிக்கொள்வது போன்றதுதான் இது. கருவி தான் இருக்கும் இடத்தைப் பதிவேட்டுக்குத் தெரிவித்து, அங்கே எந்தத் தடம் காலி என்று கேட்டறிந்த பிறகே செய்தி அனுப்பலாம். உரிமம் பெற்ற நிலையத்துக்கு இடையூறு செய்யக்கூடாது. மைக்ரோசாப்ட் ஆய்வாளர்கள் வாஷிங்டன், நியூயார்க் மாநிலப் பண்ணைகளில் இம்முறையைச் சோதித்து 2017-ல் முடிவுகளை வெளியிட்டனர். சென்சார்கள் வயலிலுள்ள சூரிய மின்சாரப் பெட்டிக்குத் தகவல் தரும். பெட்டி அதைத் தொலைக்காட்சித் தடத்தில் வீட்டுக்கு அனுப்பும்.

நம் நாட்டில் தொலைக்காட்சித் தடங்களை விவசாயிகள் தாமாகவே எடுத்துப் பயன்படுத்த முடியாது. ஆனால் வேறொரு வழி உண்டு. 865 முதல் 867 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள வரிசைக்கு 2005 முதல் உரிமம் தேவையில்லை. 2021-ல் இது 868 வரை நீட்டிக்கப்பட்டது. 1 வாட்டுக்கு மேற்படாத கருவிகளை இதில் இயக்கலாம். 'லோரா' வகைக் கருவிகள் இந்த வரிசையில், திறந்த வெளியில் சில கிலோமீட்டர் வரை செய்தி அனுப்பும்.

இது எல்லாருக்கும் பொதுவான வரிசை. ஆகவே கருவி சுருக்கமாகப் பேச வேண்டும். மண் ஈரம் நொடிக்கு நொடி மாறுவதில்லை. கால் மணிக்கு ஒரு முறை அனுப்பினால் தாராளம். ஓயாமல் அனுப்பினால் பக்கத்துத் தோட்டத்துச் செய்தியோடு மோதிக் கெடும். பேட்டரியும் விரைவில் தீரும்.

வாங்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். மலிவாகக் கிடைக்கிறதென்று அமெரிக்காவுக்கான 915 மெகாஹெர்ட்ஸ் கருவியை வாங்கிவிடக் கூடாது. அது இயங்கும் 902 முதல் 928 வரையிலான வரிசையின் ஒரு பகுதி இங்கே செல்போன்களுக்கு ஒதுக்கப்பட்டது. பெட்டியின் மேல் 865 என்று குறிப்பிட்டிருக்கிறதா என்று பார்த்து, கடைக்காரரிடமும் கேட்டுக்கொண்ட பிறகே பணம் கொடுக்கலாம்.