கேன்சர் மார்க்கர் டெஸ்ட் போதுமா? பெருங்குடல் புற்றுநோய் பரிசோதனையும் 80டி கணக்கும்

அம்மா, அப்பாவுக்கு மாஸ்டர் ஹெல்த் செக்கப் புக் பண்ணும்போது, சில பேக்கேஜ்ல "கேன்சர் மார்க்கர்"னு சி.இ.ஏ. ரத்த டெஸ்டையும் சேர்த்திருப்பாங்க. அது நார்மல்னு வந்தா பெருங்குடல் புற்றுநோய் இல்லைன்னு அர்த்தமா? இல்லை. ஆரம்பக்கட்டப் புற்று இருந்தும் சி.இ.ஏ. நார்மலா வரலாம். புகை பிடிக்கிறவங்களுக்குப் புற்று இல்லாமலே கூடலாம். ஏற்கெனவே நோய் உறுதியானவங்களைக் கண்காணிக்கத்தான் அது முக்கியமா பயன்படுது.

அப்போ எந்த டெஸ்ட்?

1. ஃபிட்: மலத்தில் கண்ணுக்குத் தெரியாத ரத்தம் இருக்கான்னு பார்க்கும். செலவு குறைவு, ஆனா வருஷா வருஷம் எடுக்கணும். பாசிட்டிவ்னா கட்டாயம் கொலோனோஸ்கோபி செய்யணும்.

2. கொலோனோஸ்கோபி: செலவு பல மடங்கு அதிகம். முந்தின நாளே மருந்து குடிச்சு வயித்தைச் சுத்தம் பண்ணணும். எல்லாம் நார்மல்னா அடுத்தது 10 வருஷம் கழிச்சுதான். பாலிப் எனும் சின்னக் கட்டி இருந்தா அப்பவே எடுத்துடலாம். பாலிப் புற்றா மாறப் பொதுவா பல வருஷம் ஆகும். அதனால இது நோயையே தடுக்குது.

எந்த வயசில்?

இந்தியாவின் தேசியத் திட்டத்தில் வாய், மார்பகம், கருப்பை வாய்ப் புற்றுக்குத்தான் பரிசோதனை இருக்கு. பெருங்குடலுக்கு இல்லை. அதனால நாமதான் கேட்டு எடுக்கணும். அமெரிக்காவில் 2021-ல தொடக்க வயசை 50-லிருந்து 45 ஆகக் குறைச்சாங்க. பெற்றோர் அல்லது உடன்பிறந்தவங்களுக்கு இந்த நோய் வந்திருந்தா 40 வயசு, இல்லைன்னா அவங்களுக்கு வந்த வயசுக்கு 10 வருஷம் முன்னாடி, இதில் எது முந்தியோ அது. அப்பாவுக்கு 48-ல வந்திருந்தா உங்களுக்கு 38.

வரிக் கணக்கு

பழைய வரி முறையில் இருக்கிறவங்களுக்கு மட்டும் 80டி-ல தடுப்புப் பரிசோதனைக்கு மொத்தம் 5,000 ரூபாய் வரை கழிவு உண்டு. ரொக்கமா கட்டினாலும் செல்லும். ஆனா இது தனிச் சலுகை இல்லை, 80டி உச்சவரம்புக்குள்ளேயே அடங்கும். உதாரணமா, 62 வயசு அப்பாவுக்கு நீங்க கட்டுற பிரீமியம் 30,000. வரம்பு 50,000. பரிசோதனைச் செலவு 4,000-ன்னா முழுசும் கழிக்கலாம். 20% வரி வரம்பில் செஸ்ஸோடு 832 ரூபாய் மிச்சம். ரசீதை வச்சுக்கோங்க.

பரிசோதனைக்காக மட்டும் அட்மிட் ஆனா ஹெல்த் பாலிசியில் பொதுவா க்ளெய்ம் கிடைக்காது. இந்தச் செலவைத் தனியா ஒதுக்குங்க.

ஒரு எச்சரிக்கை

மலத்தில் ரத்தம், காரணமில்லாம எடை குறையுறது, ரத்தசோகை, மலம் கழிக்கும் பழக்கத்தில் மாற்றம், இதெல்லாம் இருந்தா வயசைப் பார்க்காதீங்க. "மூலமா இருக்கும்"னு விட்டுடாம டாக்டரைப் பாருங்க.

இன்னைக்கே வீட்ல கேளுங்க: குடும்பத்தில் யாருக்காவது இந்த நோய் இருந்துச்சா? எந்த வயசில்? அந்தப் பதிலை டாக்டர்கிட்ட சொல்லிட்டு, அப்புறம் பேக்கேஜைத் தேர்ந்தெடுங்க.